மூன்றுகால் காட்டெருமை

பழைய காசு கையில் கிடைத்ததும் புளி போட்டுத் தேய்ப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. தேய்த்தால் பளபளக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பளபளப்போடு காசின் மதிப்பும் கழுவிக்கொண்டு போய்விடும். விவரம் தெரிந்தவன் அழுக்கை அழுக்காகவே விட்டுவைப்பான். நான் பதினாலு வருஷம் உழைத்த புத்தகத்தில் இது முதல் அத்தியாயத்திலேயே வருகிறது.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், மாஜிஸ்ட்ரேட் ஐயா. எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வாத்தியார் வேலை அப்படி. உங்கள் குமாஸ்தா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கோவிந்தம்மாள் கொடுத்திருக்கும் சாட்சியை இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. பிழையோடு ஒன்று பதிவாவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் பேசுகிறேன்.

என் பெயர் சுந்தரவரதன். வயது ஐம்பத்தொன்று. உத்திரமேரூரில் சரித்திர வாத்தியார். யுத்தகாலத்தில் கல்கத்தாவில் அமெரிக்க ராணுவக் கிடங்கு ஒன்றில் எழுத்தராக இருந்தேன். அங்கே பெக் என்று ஒரு சார்ஜெண்ட். ஊர் திரும்பும்போது ஒரு பிஸ்கட் டின் நிறையத் தன் நாட்டுக் காசுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். செம்புத் தட்டுப்பாட்டால் 1943-இல் எஃகில் அடித்த ஒரு சென்ட் காசுகள், இறக்கை வைத்த தொப்பியோடு பெண் முகம் பொறித்த வெள்ளிக் காசுகள், ஒரு பக்கம் செவ்விந்தியனும் மறுபக்கம் காட்டெருமையுமாக ஐந்து சென்ட் காசுகள். அந்தக் காட்டெருமைக் காசுகளில் ஒன்றை மட்டும் காகிதத்தில் தனியாக மடித்து வைத்திருந்தான். 1937-ஆம் வருஷத்தது, டென்வர் நகரத்து அக்கசாலையில் அடித்தது. அதில் காட்டெருமைக்கு மூன்றே கால்.

அக்கசாலைத் தொழிலாளி ஒருவன் அச்சைத் துடைத்துத் தேய்க்கும்போது கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டான். முன்னங்கால் ஒன்று அச்சிலிருந்தே மறைந்துபோயிற்று. அது தெரியாமல் அடித்து வெளியே விட்டுவிட்டார்கள். அந்தக் காசுக்காக அமெரிக்காவில் காத்துக்கிடக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்த ஜில்லாவில் அது என் ஒருவனிடம்தான் இருந்தது. 1957-இல் சென்னைப் பத்திரிகை ஒன்று ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் என்னையும் காசையும் படம் பிடித்துப் போட்டது. தாசில்தார் வீடு தேடி வந்து பார்த்தார். அதற்குப் பிறகு ஊரில் எனக்கு மூணுகால் சார் என்றே பெயர். கேலியாகச் சொன்னதில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

நாமகிரி என் தங்கை. எட்டு வயது இளையவள். கல்யாணமான மூன்றாம் வருஷம் கணவன் டைபாய்டில் போனான். பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். பிறகு என் மனைவியும் இறந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அமெரிக்க நாணயச் சேகரிப்பு பற்றித் தமிழில் முழுமையாக ஒரு கையேடு வேண்டும் என்று முதலில் சொன்னது நான். 1947 பொங்கலுக்கு மறுநாள் சொன்னேன். எழுதும் வேலையை நாமகிரி பார்த்துக்கொண்டாள். அமெரிக்காவிலிருந்து வரும் மாதப் பத்திரிகையை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். ஒவ்வொரு காசும் எந்த வருஷம், எந்த ஊர் அக்கசாலை, எத்தனை அடித்தார்கள், எந்த இடத்தில் குறி என்று சீட்டு போட்டு அடுக்கினாள். தமிழில் பெயர் இல்லாதவற்றுக்குப் பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத்துக் காந்தத்தை வாங்கிவரச் சொல்லி எஃகுக் காசை ஒட்டவைத்துப் பார்த்து, அதையும் எழுதினாள். தெரியாததை அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்டாள். கடிதம் என் பெயரில்தான் போகும். எண்ணம் என்னுடையது. மற்றதெல்லாம் கைவேலை. வீடு கட்டியவர் யார் என்று கேட்டால் கொத்தனாரையா சொல்கிறோம்?

ஒஹையோவில் ஆல்ட்ரிச் என்று ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர். எங்கள் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுதுவார். 'அன்புள்ள திரு சுந்தரவரதன்' என்று ஏழு வருஷம் எழுதினார். 1958-இல் ஒரு நாள் வந்த கடிதம் 'அன்புள்ள திருமதி நாமகிரி' என்று ஆரம்பித்தது. முந்தின கடிதத்தில் அவள் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கேட்டேன்.

"அவசரத்துல போட்டுட்டேன் அண்ணா. அவர் ஒண்ணும் தப்பா நினைச்சுக்கலை. இத்தனை நாளும் எழுதினது நீங்கதானான்னு கேட்டு எழுதியிருக்கார், பாரேன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிலருக்குக் கோபம் மேலே ஏறும், கத்துவார்கள், இறங்கிவிடும். எனக்கு அது கீழே போய்த் தங்கிவிடும்.

அச்சுக்குக் கொடுத்தது காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன பிரஸ்ஸில். எழுத்துக் கோக்கிறவன் வேதகிரி. அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலாளி மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். கையெழுத்துப் பிரதியோடு வருவான். என்னைத் தாண்டி, பின்னால் நாமகிரி வந்திருக்கிறாளா என்று பார்ப்பான்.

"சார், இந்தக் குறி காசுக்கு இந்தாண்ட வருதா, பின்னாண்ட வருதா?"

"பின்பக்கம்" என்பேன்.

"இல்ல சார், நாப்பத்திரண்டாவது வருசத்துக்கு மேல வேற எடத்துல போட்டாங்கன்னு அம்மா சொன்னாப்பல கீது. எதுக்கும் அம்மாவையே கேட்டுக்கினு கோக்குறேன்."

என் எதிரிலேயே சொல்லுவான். அவன் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும். அது இன்னும் மோசம்.

போன செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், போலி நாணயங்கள் பற்றிய அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தாள். என் காசைக் கேட்டாள். கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கண்ணாடிக்கு மேல் லென்ஸையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணா, இங்க வாயேன். அசல் காசுல கால் மறைஞ்சாலும் குளம்பு மட்டும் தரையில நிக்குமாம். நம்மதுல குளம்பும் இல்லை. வயித்துக்குக் கீழே புள்ளி புள்ளியா ஒரு கோடு இறங்கணும். அதுவும் இல்லை. கால் இருந்த எடத்துல அரம் போட்ட கீறல் தெரியறது. நாலு கால் மாட்டை யாரோ மூணு காலாப் பண்ணியிருக்கா."

"லென்ஸில் தூசி இருக்கும்" என்றேன்.

முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "இல்லை அண்ணா. ராவியேதான் இருக்கு. பதினாறு வருஷமா நம்மளை ஏமாத்தியிருக்கு பாரேன், இந்த மாடு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு விஷயம் பிடிபட்ட சந்தோஷம், அவ்வளவுதான். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தாலாவது திட்டியிருப்பேன். நான் அங்கே உட்கார்ந்திருப்பதே அவளுக்கு ஞாபகமில்லை.

காகிதத்தைக் காசின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்து ஆல்ட்ரிச்சுக்கு அனுப்பினாள். அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. நாலே வரி. உங்கள் கண் கூர்மையானது, அம்மணி, காசு போலி என்று எழுதியிருந்தார். எங்கேயோ ஒஹையோவில் உட்கார்ந்துகொண்டு, காசைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர்.

நவம்பரில் அச்சுத்தாள்கள் திருத்தத்துக்கு வந்தன. நூற்றுநாற்பத்துமூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இந்நூலாசிரியர் வசமுள்ள நாணயமே இதற்குச் சான்று. அரத்தால் கால் நீக்கப்பட்ட போலி இது.'

"இதை எடுத்துடு" என்றேன்.

"ஏன் அண்ணா? நம்ம கையில இருக்கற போலி இது ஒண்ணுதானே? இதைச் சொன்னா படிக்கறவாளுக்கு நன்னாப் புரியும்."

"ஊர் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. ரெண்டு நாள் சிரிப்பா. நம்ம காசுங்கறதுக்காக மறைச்சா, மத்த பக்கத்தை யார் நம்புவா?"

இரண்டு நாள் என்றாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகிறவன் நான். கடைத்தெருவில் நாலு பேர் எழுந்து கும்பிடுவது என்னை. பத்திரிகையில் வந்த படம் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. நூலாசிரியர் வசமுள்ள போலி என்று என் புத்தகத்தில், என் பெயருக்குக் கீழே, நானே எழுதியதுபோல வரும். அவளுக்கு அது இரண்டு நாள் சமாசாரம்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. நாலைந்து நாள் குனிந்த தலை நிமிராமல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய கண்ணாடி ஜன்னலிலிருந்து கீழே விழுந்தது. தெரியாமல் நான் மிதித்துவிட்டேன். இப்படித்தான் அவளிடம் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொள்ளும்போது திருத்திக்கொள்ளுங்கள். அது விழவில்லை. நான் எடுத்துக் கீழே வைத்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாம் புகை.

"போனாப் போறது அண்ணா. கால்ல குத்தலையே?" என்று கேட்டாள். குனிந்து தடவித் தடவித் துண்டுகளைப் பொறுக்கினாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் காஞ்சிபுரம் போவதென்று முடிவாயிற்று. புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு, தாள்களைப் பிரஸ்ஸில் கொடுத்துவிட்டு வரலாம். பத்து நாளாக விடாத மழை. ஏரி நிரம்பிக் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். நடப்பது எனக்கு வழக்கம். ஆனால் ஏரிக்கரையில் நடப்பது வழக்கமில்லை, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். மதகுக்குக் கொஞ்சம் முன்னால் கரை உட்புறமாகச் சரிந்து, நடைபாதை ஒரு முழத்துக்குக் குறுகியிருந்தது. பார்த்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பஸ்ஸுக்குக் கடைத்தெரு வழியாகப் போவதுதான் கிட்டம். சேறாக இருக்கிறது, கரைமேல் போகலாம் என்று சொன்னேன். அவள் மறுக்கவில்லை. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோளில் பை. அதில் திருத்திய தாள்கள் அத்தனையும். கரைக்கு வெளிச்சரிவில் கோவிந்தம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அவளை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். திங்கட்கிழமை போகலாம் என்று சொல்லித் திரும்பியிருப்பேன்.

மதகு நெருங்கும்போது நாமகிரி பேச ஆரம்பித்தாள்.

"அண்ணா, அந்த நூத்திநாப்பத்திமூணாம் பக்கத்தைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பிரஸ்ஸுல போய்ப் பேசிக்கலாம்."

"இல்லை, அதுக்கு முன்னாடியே சொல்லிடறேனே. நாலு நாளா..."

"பையைக் கொடு. கனமா இருக்கும்" என்றேன்.

தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். நான் அதை என் தோளில் மாட்டிக்கொண்டேன். பிறகு அவள் கையை விட்டேன்.

கோவிந்தம்மாள் சொல்லியிருப்பது இது, இன்ஸ்பெக்டர் அப்படியே படித்தார்: "சத்தம் கேட்டுத் தலைய தூக்கிப் பாத்தேங்க. சாரு அந்தம்மாவைத் தள்ளிட்டாரு. பையி தண்ணில வுழுந்துடப் போவுதுன்னு அத்த மட்டும் புடிச்சிக்கினாரு. அப்பால நின்னு பாத்துக்கினே இருந்தாரு. நா கத்திக்கினு ஓடியாறதுக்குள்ள போய்ட்டாரு. வாத்தியாரு மேல போய் நா இன்னான்னு சொல்றது, என்னிய யாரு நம்புவாங்கன்னு பொங்க வரிக்கும் வாய மூடிக்கினு கெடந்தேன்."

பிழைகளைச் சொல்கிறேன். நான் தள்ளவில்லை. கையைத்தான் விட்டேன். அவள் இரண்டு அடி தானாகவே எடுத்துவைத்தாள். மூன்றாவது அடிக்குக் கரை இல்லை. இது ஒன்று. பையை நான் பிடித்துக்கொண்டது அவள் விழும்போது அல்ல. முன்பே வாங்கிவிட்டேன். விழுகிற நேரத்தில் பிடிக்கலாம் என்று இருந்தால் தாள்கள் நனைந்திருக்கும். பதினாலு வருஷ உழைப்பை அப்படி யாரும் விட்டுவிட மாட்டார்கள். இது இரண்டாவது. நின்று பார்த்தேன் என்பது சரி. அவள் என்னைக் கூப்பிட்டாள் என்பதைக் கோவிந்தம்மாள் விட்டுவிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை, எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று கேட்பதுபோல 'அண்ணா' என்றாள். இரண்டாம் தடவை அப்படி இல்லை. எனக்கு நீச்சல் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்பதரை பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். போவதென்று சொல்லியிருந்தது, போனேன். மாகறல் தாண்டியதும் பையைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். நானே அடித்துத் திருத்திவிடலாம் என்று பேனா வைத்திருந்தேன்.

ஏற்கெனவே அடித்திருந்தது. இரண்டு வரியும் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'வேதகிரிக்கு. இந்த இரண்டு வரிகளும் வேண்டாம். அண்ணாவுக்கு மனசு கஷ்டப்படும். போலிக்கு வேறு உதாரணம் நேரில் வந்து எழுதித் தருகிறேன்.' முத்து முத்தான எழுத்து. கண்ணாடி இருந்தபோது எழுதியது.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பிரஸ்ஸில் வேதகிரி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தான். "இன்னா சார், அம்மா வர்லியா?"

"வரவில்லை."

தாள்களைப் புரட்டிக்கொண்டே போனவன் அந்த இடத்தில் நின்றான். "வேற உதாரணம் எழுதித் தரேன்னு போட்டுக்கிறாங்களே. இன்னா சார் போடறது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதையாவது போட்டு நிரப்பு என்றேன். கண்ணாடி இல்லாமல் ஏரியில் தவறி விழுந்தாள் என்றே ஊர் நம்பிற்று. புத்தகம் ஜனவரியில் வெளிவந்தது. நூற்றுநாற்பத்துமூன்றாம் பக்கத்தில் அந்த இரண்டு வரி இருந்த இடத்தில் வெறும் பூவேலை அச்சுதான் இருக்கிறது. அட்டையில் என் பெயர். வேதகிரி ஒரு பிரதியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். சாவு வீட்டுக்கு வந்து அழுதவன், புத்தகத்தைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பளத்துக்கு எழுத்துக் கோக்கிறவனுக்கு அத்தனை திமிர்.

ஆல்ட்ரிச்சுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். தமிழ் அவருக்கு ஓடாது. படங்களைப் பார்த்துவிட்டு, திருமதி நாமகிரியின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அடையாளம் வைத்து அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதில் போடவில்லை.

கொலையா என்று கேட்டால், ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முழுப் பொறுப்பும் என்மேல் என்று எழுதினால் அது சரியான பதிவாகாது. அந்த வரிகளை எடுத்துவிட்டதாக வேதகிரிக்குச் சிவப்பு மையில் எழுத அவளுக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனிடம் சொல்லத் தோன்றவில்லை. ஒரு வார்த்தை போதும். நான் புத்தியில்லாதவன் இல்லை; கேட்டிருப்பேன். கடைசி நிமிஷத்தில் கரைமேலாவது சொல்லியிருக்கலாம்.

அவள் சொல்லவே இல்லை.